பிளேட் சேர்வர் வாங்க முதல் டிபி பெட்டியைத் திறந்து பாருங்கள்

பிளேட் சேர்வர் வாங்கலாமா, வாங்கினால் ஹெச்பியா டெல்லா சிஸ்கோவா என்று கேட்டு மாதத்துக்கு ஒருவராவது எனக்குப் போன் எடுக்கிறார்கள். யாழ்ப்பாணத்தில் பிளேட் சேசிஸ் ஒன்றை, அதாவது அந்தச் சேர்வர்களைச் செருகும் பெரிய பெட்டியை, இரண்டு வருடத்துக்கு மேல் வைத்து ஓட்டி, திட்டித் தீர்த்து, கடைசியில் கழற்றி விற்ற ஆள் நான் என்று யாரோ கதையைப் பரப்பிவிட்டார்கள். கதை உண்மைதான். ஒவ்வொருவருக்கும் போனில் ஒப்புவிப்பதை விட ஒருதரம் எழுதிவைத்தால் இதையே அனுப்பிவிடலாம், அதுதான் எழுதுகிறேன்.

எங்கள் இடத்தைப் பற்றி முதலில் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் பிறகு சொல்வது எதுவும் விளங்காது. கஸ்தூரியார் வீதியிலிருந்து பிரியும் ஒழுங்கை ஒன்றில் மூன்று மாடிக் கட்டடம். மொத்த வியாபாரம், வவுனியா வரைக்கும் 9 கிளைகள். பில், கணக்கு, களஞ்சியம், சம்பளம், மெயில், கோப்புகள், வரவுப் பதிவு என்று எல்லாமாக 14 விஎம் (சேர்வருக்குள் ஓடும் மெய்நிகர் கணினி) ஓடுகிறது. கிளைகள் எல்லாம் இங்கே இருக்கும் சேர்வருக்குத்தான் வந்து பில் போடும், ஆகவே இது படுத்தால் கிளிநொச்சிக் கடையிலும் சனம் சாமானைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கும். கணினிப் பிரிவு என்று கதவில் பெரிய பெயர்ப்பலகை, உள்ளே நானும் ஒரு தம்பியும் மட்டும்.

2021 தொடக்கத்தில் முதலாளி கொழும்புக்குப் போய்வந்த கையோடு என்னைக் கூப்பிட்டார்.

"தம்பி, ஒரு பெட்டிக்குள்ள பதினாறு சேர்வர் போகுமாம். பழசுதான், ஆனா வடிவா இருக்கு. ஒரு பழைய ஸ்கூட்டிக் காசுக்குத் தாறாங்கள்."

"எங்களுக்கு நாலு காணும், ஐயா."

"இப்ப நாலு. நாளைக்கு?"

அந்த 'நாளைக்கு'தான் எங்களைக் கவிழ்த்தது. அவரை மட்டும் சொல்லிப் பிழையில்லை, எனக்கும் ஆசை இருந்தது. இந்தத் தொழிலில் இருக்கிற யாருக்குத்தான் அந்தப் பெட்டியைப் பார்த்து ஆசை வராது?

தெரியாதவர்களுக்காகக் கெதியாகச் சொல்லிவிடுகிறேன். றாக் என்ற இரும்புச் சட்டத்தில் பூட்டும் சாதாரண றாக் சேர்வர் ஒவ்வொன்றுக்கும் தன் தன் பவர் சப்ளை, தன் தன் ஃபான், தன் தன் கேபிள். பிளேட் என்பது சிபியுவும் மெமரியும் ஒன்றிரண்டு டிஸ்க்கும் மட்டும் உள்ள ஒல்லியான சேர்வர், அதைச் சேசிஸ் என்கிற பெரிய பெட்டிக்குள் புத்தகம் அடுக்குவது போல் செருக வேண்டும். கரண்ட், காற்று, நெற்வேர்க், மேலாண்மை எல்லாம் சேசிஸ் கொடுக்கும். 2001 அளவில் ஆர்எல்எக்ஸ் என்ற கொம்பனி முதலில் சந்தைக்குக் கொண்டுவந்தது, அதை 2005இல் ஹெச்பி வாங்கியது. இடையில் 2002இல் ஐபிஎம் 7யூ (யூ என்பது றாக்கின் உயர அளவு) உயரத்தில் 14 பிளேட் பிடிக்கும் பிளேட்சென்டரை இறக்கியது. 2006இல் ஹெச்பி சி7000, 2008இல் டெல் எம்1000இ, 2009இல் சிஸ்கோ யூசிஎஸ். றாக்குக்கு வாடகை கட்டுகிற பெரிய டேட்டா சென்டர்காரருக்கு இது வரப்பிரசாதம், ஏனென்றால் அவர்களுக்குப் பற்றாக்குறை இடம். எங்களுக்கு இடம் பற்றாக்குறையே இல்லை, இரண்டாம் மாடியில் பாதி சும்மா கிடக்கிறது. எங்களுக்குப் பற்றாக்குறை கரண்டும் குளிரும். இந்த ஒரு வரியை நான் 2021இல் கடதாசியில் எழுதிப் பார்த்திருந்தால் இந்தக் கதையே இல்லை.

சரி, வந்து சேர்ந்த சாமான்: சி7000 சேசிஸ் ஒன்று, பிஎல்460சி ஜென்9 பிளேட் நாலு, ஒவ்வொன்றிலும் 10 கோர் சிபியு இரண்டு. சேசிஸ் 10யூ உயரம், அரை உயர பிளேட் என்றால் 16, முழு உயரம் என்றால் 8. பின்னால் 10 ஃபான், நெற்வேர்க் இணைப்பு மொடியூல் செருக 8 இன்டர்கனெக்ட் இடம், கீழே 6 பவர் சப்ளை. முழுதாக நிரப்பினால் 200 கிலோவைத் தாண்டும். எங்களுடையது முழுதாக இல்லை, என்றாலும் வாகனத்திலிருந்து இறக்கி வாசலில் வைத்தபோதே காவலாளி ஐயா சுற்றிவந்து பார்த்துவிட்டு, "தம்பி, இது மேல போகுமோ, இல்லாட்டி மேல் மாடி கீழ வருமோ?" என்று கேட்டார். பகிடிதான், ஆனால் கேட்க வேண்டிய கேள்வி. பிளேட், பவர் சப்ளை, ஃபான், பின்பக்க மொடியூல் எல்லாவற்றையும் கழற்றி, வெறுங்கூட்டை நாலு பேர் படியால் தூக்கினோம். வாங்குகிறவர்கள் இதை மறக்க வேண்டாம்: தூக்க முதல் எல்லாவற்றையும் கழற்றுங்கள், எது எங்கே இருந்தது என்று போனில் படம் எடுத்து வையுங்கள்.

அடுத்தது கரண்ட். இதில் எங்களுக்கு ஒரு நல்ல காலம், இந்த பவர் சப்ளைகளுக்கு 200 வோல்ட்டுக்கு மேல் வேண்டும், எங்கள் 230 அதற்குச் சரி. 110 வோல்ட்காரர் படும் கரைச்சல் எங்களுக்கு இல்லை. ஆனால் சுவரில் இருக்கும் 13 ஆம்பியர் சதுரப் பிளக்கில் இதைச் செருக முடியாது. ஒவ்வொரு பவர் சப்ளைக்கும் தடித்த சி19 கேபிள், 16 ஆம்பியர் லைன், டிபியிலிருந்து, அதாவது பிரேக்கர்கள் உள்ள கரண்ட் பெட்டியிலிருந்து, தனியாக இழுக்க வேண்டும். வயரிங் செய்ய வந்த அண்ணை டிபி பெட்டியைத் திறந்தார், ஒரு நிமிடம் ஒன்றும் கதைக்கவில்லை, பிறகு மூடினார். எர்த்தையும் சோதித்தார். செம்மண்ணுக்குக் கீழே சுண்ணாம்புக்கல் உள்ள ஊர், வெயில் காலத்தில் நிலம் காய்ந்தால் எர்த் பலவீனமாகும், ஆகவே புதிதாக ஒரு கம்பி இறக்க வேண்டும் என்றார். புது லைன், புது பிரேக்கர், புது எர்த், பெரிய யூபிஎஸ் எல்லாம் கூட்டிப் பார்த்தபோது ஸ்கூட்டிக் காசு கார்க் காசுக்குக் கிட்ட வந்துவிட்டது. முதலாளி அந்தக் கணக்கைப் பார்த்துவிட்டுத் தேத்தண்ணி கேட்டார்.

முதல்தரம் சுவிட்சைப் போட்டபோது 10 ஃபானும் முழு வேகத்தில் சுற்றும், அது தெரியாமல் அறைக்குள் நிற்க வேண்டாம். பலாலியில் விமானம் ஏறுகிற சத்தத்தைக் கதவு பூட்டிய அறைக்குள் கேட்பது போல இருக்கும். கொஞ்ச நேரத்தில் அடங்கிவிடும், ஆனால் அடங்கின பிறகும் பக்கத்து அறையில் கணக்கெழுதும் அக்கா மேசையை மாற்றிக்கொண்டு போய்விட்டா.

ஓடத் தொடங்கின பிறகு இன்னொரு சிக்கல். சேசிஸை நிர்வகிக்கும் ஒன்போர்ட் அட்மினிஸ்ட்ரேற்றருக்குள் போக முடியவில்லை. அதன் ஆரம்பக் கடவுச்சொல் ஒரு சின்ன அட்டையில் அச்சடித்துச் சேசிஸோடு தொங்கும், விற்றவர்கள் அதைக் கிழித்து எறிந்திருந்தார்கள். சீரியல் கேபிள் பூட்டி மீளமைத்தால்தான் உண்டு. இந்தக் காலத்தில் நல் மோடம் சீரியல் கேபிளுக்கு யாழ்ப்பாணத்தில் எங்கே போவது? கணினிக் கடைகள் எல்லாம் ஏறி இறங்கி, கடைசியில் லொறி எடை போடுகிற இடத்தில் வேலை செய்யும் ஒரு தம்பியிடம் கிடைத்தது. எடை மேடை இன்னும் சீரியலில்தான் கதைக்கிறது. அந்தத் தம்பிக்கு ஒரு றோல்ஸும் ஐஸ்கிறீமும் கடன்.

பழைய பிளேட் வாங்குகிறவர்களுக்கு இங்கே இரண்டு விஷயம் அவசியம் சொல்ல வேண்டும். ஒன்று, ஹெச்பி 2014 பெப்ரவரியிலிருந்து புரோலையன்ட் சேர்வர்களின் ஃபேம்வேர் (சாமானுக்குள் ஓடும் அடிப்படை மென்பொருள்) தொகுப்புகளை உத்தரவாதமோ பராமரிப்பு ஒப்பந்தமோ உள்ளவர்களுக்குத்தான் கொடுக்கிறது. பழைய சாமான் விற்பவர் இதைச் சொல்ல மாட்டார், எங்களுக்கும் சொல்லவில்லை. சேசிஸ், பிளேட், இன்டர்கனெக்ட் மூன்றின் பதிப்பும் ஒன்றோடொன்று ஒத்துப்போக வேண்டும், ஆகவே தனி றாக் சேர்வரை விட பிளேட்டில் இது பெரிய தலையிடி. வாங்க முதலே எல்லாவற்றையும் ஒரே தொகுப்புக்கு ஏற்றித் தரச் சொல்லுங்கள்.

இரண்டாவது இன்னும் முக்கியம். 2019 நவம்பரில் ஹெச்பிஇ (ஹெச்பியிலிருந்து பிரிந்த சேர்வர் கொம்பனி) ஓர் அறிவித்தல் விட்டது: சேர்வருக்கான சாஸ் எஸ்எஸ்டி டிஸ்க்குகளில் சில 32,768 மணித்தியாலம் ஓடியதும் ஃபேம்வேர் பிழையால் செத்துவிடும், உள்ளே இருக்கும் தரவும் போய்விடும். அதாவது 3 வருடம் 270 நாள் 8 மணித்தியாலம். 2020 மார்ச்சில் 40,000 மணித்தியாலத்தில் சாகும் இன்னொரு வகைக்கும் அறிவித்தார்கள். இதில் பயங்கரம் என்னவென்றால் ஒரே நாளில் பூட்டிய டிஸ்க்குகள் ஒரே நேரத்தில் போகும், ஆகவே ஒரு டிஸ்க் போனாலும் தரவு தப்பும்படி ரெய்டு போட்டு வைத்தும் பிரயோசனமில்லை. ஃபேம்வேரை மாற்றினால் சிக்கல் இல்லை. ஆனால் பெட்டிக்குள் வந்த பழைய டிஸ்க்கை அதன் மொடல் எண்ணைப் பார்க்காமல், ஃபேம்வேரைப் பார்க்காமல் அப்படியே ஓட்டுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். பாருங்கள். பில் டேட்டா உங்களுடையது.

டிஸ்க் பற்றிக் கதைக்கும்போது இன்னொன்று: அரை உயர பிளேட்டில் இரண்டு டிஸ்க்குக்குத்தான் இடம். ஆகவே பிளேட் வாங்கினால் தரவு வைக்க வெளியே தனிச் சேமிப்புப் பெட்டி ஒன்று வேண்டும். விலை கேட்கும்போது யாரும் அதை எண்ணுவதில்லை.

நல்லதைச் சொல்லாமல் போனால் பாவம். ஒரு நாள் எங்கேயோ வாங்கிப் போட்ட பழைய மெமரியால் ஒரு பிளேட் படுத்துவிட்டது. அதை இழுத்தோம், உதிரியாக இருந்த மற்றதைச் செருகினோம், சேசிஸின் நெற்வேர்க் மொடியூலான வேர்ச்சுவல் கனெக்ட்டில் அதே புரோஃபைலை, அதாவது சேர்வரின் அடையாள விபரத்தை, கொடுத்தோம். நெற்வேர்க் கார்டின் அடையாள எண்ணான மேக் முகவரி உட்பட எல்லாம் புரோஃபைலோடு போகும், ஆகவே நெற்வேர்க்குக்கு ஆள் மாறினதே தெரியாது. பத்து நிமிடம். தம்பி வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டு நின்றான். ஃப்ளெக்ஸ்-10 மொடியூல் இருந்தால் ஒரு 10 கிகாபிட் போர்ட்டை நாலு நெற்வேர்க் கார்டாகப் பிரித்துக் காட்டும், தேவைக்கு ஏற்ற வேகம் கொடுக்கலாம். பின்னால் கேபிள் இல்லாத சுத்தம் இருக்கிறதே, அதை இப்பவும் நினைத்துப் பார்க்கிறேன். பெட்டியில் பிழை என்று நான் ஒருபோதும் சொல்ல மாட்டேன். நாங்கள் வைத்த இடம்தான் பிழை.

2022 வந்தது. மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரைக்கும் கரண்ட் வெட்டு. ஜெனரேற்றருக்கு டீசல் எடுக்க பீப்பாயோடு வரிசை. டொலர் 200 ரூபாயிலிருந்து 360ஐத் தொட்ட காலம், உதிரிப்பாகம் என்று வாயெடுத்தாலே முதலாளி முகத்தைத் திருப்புவார்.

இங்கேதான் பிளேட்டின் கணக்கு எனக்கு எலும்பு வரை விளங்கியது. யூபிஎஸ் சேர்வரைத் தாங்கும், ஏசியைத் தாங்காது. கரண்ட் போன நிமிடம் ஏசி நிற்கும், சேர்வர் ஓடிக்கொண்டே இருக்கும், அறை அடுப்பாகும். எங்கள் நாலு பிளேட்டும் சேசிஸும் சேர்ந்து கிளாம்ப் மீட்டரில் 1.2 கிலோவாட் அளவு காட்டியது. அத்தனையும் சூடாகத்தான் வெளியே வரும், ஏசிக் கணக்கில் மணிக்கு 4,000 பிரிட்டிஷ் வெப்ப அலகுக்கு மேல், ஒரு சின்ன அறைக்குள் ஹீட்டர் போட்டு வைத்த மாதிரி. அந்தச் சேசிஸ் உள்ளே இழுக்கும் காற்று 35 பாகைக்குள் இருக்க வேண்டும். சித்திரை மாதத்து யாழ்ப்பாணத்தில், ஏசி இல்லாத இரண்டாம் மாடியில், வெளிக்காற்றே அதைத் தொட்டுக்கொண்டு நிற்கிறது. சூடு ஏறினால் சேசிஸ் ஃபானை வேகமாகச் சுற்றும். ஃபான் வேகம் இரட்டித்தால் அது தின்னும் கரண்ட் எட்டு மடங்கு, இது பௌதிகம், ஹெச்பியோடு சண்டை பிடித்து மாற்ற முடியாது. ஆகவே கரண்ட் இல்லாத நேரம் பார்த்து அது கூடக் கரண்ட் கேட்கும்.

சரி என்று எல்லா விஎம்மையும் இரண்டு பிளேட்டுக்கு ஒதுக்கி மற்ற இரண்டை நிறுத்தினோம். மீட்டர் கொஞ்சம் இறங்கியது, நினைத்தளவு இல்லை. ஏனென்றால் ஃபானும் இன்டர்கனெக்ட் மொடியூலும் மேலாண்மைப் பெட்டியும் பிளேட் இரண்டோ பதினாறோ ஓடியே தீரும். பதினாறு பேர் பங்கு போட்டால் அது ஒன்றுமில்லை, இரண்டு பேர் தலையில் விழுந்தால் சுமை. கலியாண வீட்டுக்குப் பிடித்த பஸ்ஸில் மாப்பிள்ளையும் தோழனும் மட்டும் போனால் டீசல் குறையுமா? ஒரு பின்னேரம் வாசல் கதவைத் திறந்து, நிற்கும் ஃபானைச் சேசிஸுக்கு முன்னால் வைத்து, ஈரச் சாக்கு தொங்கவிடலாமா என்று தம்பி கேட்டான். நல்ல காலம், சாக்கு வரைக்கும் போகவில்லை, அதற்கு முதல் அது தானே சூட்டைப் பார்த்து நின்றுவிட்டது. அன்று கிளிநொச்சிக் கடையில் கையால் பில் எழுதினார்கள்.

அதற்குப் பிறகுதான் மற்றவர்கள் வைத்திருப்பதைப் போய்ப் பார்க்கத் தொடங்கினேன். வாங்க முதல் செய்திருக்க வேண்டிய வேலை.

டெல் எம்1000இ பற்றி அதிகம் சொல்ல இல்லை, எங்கள் அளவுக்கு அது சி7000இன் சகோதரம். அதே 10யூ, அதே 16 அரை உயர பிளேட், 6 பவர் சப்ளை, 9 ஃபான். கால் உயர பிளேட் போட்டால் 32 கூடப் பிடிக்கும். பழைய சந்தையில் மலிவு, கரைச்சலும் அதே கரைச்சல்.

ஆனால் அதே டெல்லின் விஆர்டிஎக்ஸ் வேறு சாதி. வவுனியாவில் ஒரு நண்பர் வைத்திருக்கிறார், போய் அரைநாள் பக்கத்தில் இருந்து பார்த்தேன். 2013இல் வந்தது, 5யூ, றாக்கிலும் பூட்டலாம், சில்லு வைத்து மேசைக்குப் பக்கத்தில் கோபுரமாகவும் நிறுத்தலாம். நாலு அரை உயர பிளேட், உள்ளேயே பொதுவாகப் பங்கிடும் டிஸ்க் இடம், சின்ன டிஸ்க் என்றால் 25, பெரியது என்றால் 12. வெளியே சேமிப்புப் பெட்டி வேண்டாம். பவர் சப்ளை 1100 வாட்டில் நாலு, சாதாரண சுவர்க் கரண்டோடு ஒத்துப்போகும். சத்தம் ஒரு பழைய பிரிட்ஜ் அளவு, அவர் அதற்குப் பக்கத்தில் இருந்தே போன் கதைக்கிறார். கிளை அலுவலகத்துக்கென்றே யோசித்துச் செய்த பெட்டி, பிளேட் என்ற பெயரில் வந்தவற்றுள் எங்கள் ஊர்க் கட்டடங்களுக்குப் பொருந்துவது எனக்குத் தெரிய இது ஒன்றுதான். குறை இல்லாமல் இல்லை. புதிதாக இப்போது விற்பதில்லை, பழையதுதான். எம்1000இயில் இருந்த பிளேட்டை உருவி இதில் செருகலாம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம், பிளேட்டுக்குள் இருக்கும் மெஸனைன் என்ற இணைப்புக் கார்ட் இதற்கேற்றதாக இருக்க வேண்டும். ஆரம்பத்தில் வந்தவற்றில் டிஸ்க் கொன்ட்ரோலர் ஒன்றுதான், பிறகு வந்தவற்றில் இரண்டு போடலாம், வாங்கும்போது இரண்டு உள்ளதாகப் பாருங்கள்.

சிஸ்கோ யூசிஎஸ் கொழும்பில் ஒரு நண்பரின் வேலையிடத்தில் பார்த்தது. 5108 சேசிஸ், 6யூ, 8 பிளேட். பொறியியலாகப் பார்த்தால் எனக்குப் பிடித்தது இதுதான். சேசிஸுக்குள் மூளை இல்லை, மூளை எல்லாம் மேலே ஃபேப்ரிக் இன்டர்கனெக்ட் என்ற இரட்டைப் பெட்டியில். சேர்வரின் அடையாளம், மேக் முகவரி, பூட் ஒழுங்கு எல்லாம் சேர்விஸ் புரோஃபைல் என்று அங்கே இருக்கும், பிளேட் வெறும் உடம்பு, உயிர் மேலே. ஒரு சோடி இன்டர்கனெக்டுக்குக் கீழே 20 சேசிஸ், 160 சேர்வர் வரை ஆளலாம். 160! எங்களிடம் இருக்கிற கதிரைகளை எண்ணினாலும் அவ்வளவு வராது. பழையது வாங்கினால் கவனிக்க வேண்டியது போர்ட் லைசன்ஸ். அந்த இன்டர்கனெக்டின் 6248 மொடலில் 32 போர்ட் கண்ணுக்குத் தெரியும், ஆனால் அடிப்படை லைசன்ஸ் 12க்குத்தான். சின்ன இடங்களுக்கென்று சேசிஸுக்குள்ளேயே செருகும் 6324 இன்டர்கனெக்டும் உண்டு, யூசிஎஸ் மினி என்பார்கள், வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால் அதைக் கேளுங்கள். படிக்க நிறைய இருக்கிறது, தெரிந்த ஆள் யாழ்ப்பாணத்தில் கிடைப்பது கஷ்டம். இரவு ஒரு மணிக்குப் படுத்தால் எழுப்ப ஆள் 400 கிலோமீற்றருக்கு அப்பால்.

புதுச் சாமானில் ஹெச்பிஇ சினர்ஜி, டெல் எம்எக்ஸ்7000 இரண்டுக்கும் விலை கேட்டோம், ஆசைக்குத்தான். சினர்ஜி 10யூவில் 12, எம்எக்ஸ்7000 2018இல் வந்தது, 7யூவில் 8. டெல் அதில் நடுப்பலகையையே தூக்கிவிட்டது. மற்ற சேசிஸ்களில் எல்லா பிளேட்டும் வந்து பொருந்தும் நடுப்பலகை ஒன்று இருக்கும், அது போனால் எல்லாம் போகும், நாளைக்கு வேகம் கூடினால் அதுவே தடையாகவும் நிற்கும். எம்எக்ஸில் பிளேட் நேராகப் பின்பக்க மொடியூலோடு பொருந்துகிறது. நல்ல வேலை. பவர் சப்ளை ஒவ்வொன்றும் 3000 வாட், ஆறு. விலைத்தாளை முதலாளி மேசையில் வைத்தேன், அவர் அதைக் கவிழ்த்து வைத்தார், அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது. ஐபிஎம் பழைய சேசிஸ் ஏதாவது மலிவாக வந்தால், அவர்களின் எக்ஸ்86 (இன்டெல், ஏஎம்டி வகைச் சிபியு) சேர்வர் வியாபாரம் 2014இல் லெனோவோவுக்குப் போய்விட்டது என்பதை நினைவில் வைத்துக்கொண்டு பேரம் பேசுங்கள்.

இதற்கிடையில் மென்பொருள் பக்கமும் மாறியது. 2023 நவம்பரில் பிராட்கொம், விஎம் ஓட்டும் மென்பொருள் விற்கும் விஎம்வேர் கொம்பனியை வாங்கி, டிசம்பரிலேயே நிரந்தர லைசன்ஸ் விற்பனையை நிறுத்தியது. இனிச் சந்தா, அதுவும் கோர் எண்ணிக்கைக்கு, சிபியு ஒன்றுக்கு ஆகக் குறைந்தது 16 கோர் என்று கணக்கு. எங்கள் பிளேட்டில் சிபியு 10 கோர். நாலு பிளேட்டில் உண்மையாக இருப்பது 80 கோர், காசு கட்ட வேண்டியது 128க்கு. பழைய பிளேட் மலிவு என்று சொல்கிறவர்களிடம் இந்தக் கணக்கைக் கேட்டுப் பாருங்கள். நாங்கள் புரொக்ஸ்மொக்ஸுக்கு மாறிவிட்டோம், அதே வேலைக்கு, டெபியன் லினக்ஸ் மேல் ஓடும் திறந்த மூல மென்பொருள். முதல் இரண்டு கிழமை தம்பி என்னைத் திட்டினான், இப்போது அவன்தான் மற்றவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கிறான்.

இன்னொரு கணக்கும் செய்து பார்த்தோம். 8 கோர் சிபியு இரண்டு உள்ள ஜென்8 பிளேட் பதினாறையும் நிரப்பினால் சேசிஸில் 256 கோர். 2024இல் வந்த ஏஎம்டி எபிக் வரிசையில் ஒரே சிபியுவில் 192 கோர் வரை இருக்கிறது, இரண்டு போட்டால் 384, அதுவும் 2யூ றாக் சேர்வரில். அத்தனை எங்களுக்குத் தேவையில்லை என்பது வேறு விஷயம். ஆனால் 'ஒரு பெட்டிக்குள் பதினாறு' என்ற மந்திரத்துக்கு இன்றைக்கு எவ்வளவு பெறுமதி என்று பார்க்க இது போதும்.

கடைசியில் இரண்டு 2யூ றாக் சேர்வர் வாங்கினோம். ஒற்றைச் சிபியு, 32 கோர், டிஸ்க் உள்ளேயே. ஒவ்வொன்றும் 250 வாட்டுக்குக் கிட்ட எடுக்கிறது, யூபிஎஸ்ஸில் சாதாரண கேபிளில் செருகியாயிற்று. மூன்றாவதாக ஒரு பழைய சேர்வர் வவுனியாக் கிளையில், இரவில் பக்கப் எடுக்க மட்டும். ஏசி நின்றாலும் ஜன்னலைத் திறந்து ஒரு ஃபான் போட்டால் தாக்குப் பிடிக்கிறது. 2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை முற்பகல் 11 மணிக்குப் பிறகு நாடு முழுக்கக் கரண்ட் போனதே, பாணந்துறை உபமின்நிலையத்தில் குரங்கு பாய்ந்தது என்று அமைச்சர் சொன்னாரே, அன்று நான் நல்லூரில் ஒரு கலியாண வீட்டில். முந்தி என்றால் சோற்றை விட்டு எழும்பி ஓடியிருப்பேன். அன்று போனில் யூபிஎஸ் எவ்வளவு நேரம் காட்டுகிறது என்று பார்த்தேன், பாயாசம் வாங்கிக் குடித்தேன், பிறகு ஆறுதலாக கந்தோருக்குப் போய் இரண்டையும் ஒழுங்காக நிறுத்தினேன்.

அப்போ பிளேட் யாருக்கு? முப்பது நாற்பது சேர்வருக்கு உண்மையான தேவை உள்ள இடம், ஜெனரேற்றரில் ஏசியும் சேர்ந்து ஓடுகிற இடம், அந்தச் சேசிஸைத் தெரிந்த ஆள் கட்டடத்துக்குள்ளேயே இருக்கிற இடம். அப்படியென்றால் தாராளமாக வாங்குங்கள், சேசிஸ் பாதிக்கு மேல் நிரம்ப வேண்டும் என்பது மட்டும் என் நிபந்தனை. நாலு சேர்வர்தான் வேண்டும், பிளேட்தான் வேண்டும் என்று அடம்பிடித்தால் விஆர்டிஎக்ஸ். மற்றபடி உங்கள் டிபி பெட்டியைத் திறந்து, எத்தனை ஆம்பியர் மிச்சம் என்று வயரிங் அண்ணையைக் கேட்டு, அவர் முகத்தையும் பாருங்கள்.

சேசிஸ் இருக்கிறதா என்று கேட்டு இன்னும் போன் எடுப்பவர்களுக்கு: விற்றாயிற்று, கணினி படிப்பிக்கிற ஓர் இடத்துக்கு, பிள்ளைகள் கழற்றிப் பூட்டிப் பழக. கடவுச்சொல்லை ஒரு அட்டையில் எழுதி, ஒட்டி, மேலே டேப்பும் சுற்றிக் கொடுத்திருக்கிறேன். சி19 கேபிள் மட்டும் ஆறு மிச்சம் கிடக்கிறது, வேண்டுமென்றால் வந்து எடுத்துக்கொண்டு போங்கள்.